அப்பாக்கள் தூக்கிய குடை

சற்று முன்பு நான் தவறிப்போய் உட்கார்ந்துவிட்ட நாற்காலிக்கு உரியவரும், அவருக்கென்று வைத்திருந்த தண்ணீரை நான் குடித்து முடிக்கும்வரை புன்னகையோடு நின்றுகொண்டே இருந்தவருமான பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே! என்னை மெதுவாகக் கைபிடித்து ஓரத்து நாற்காலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பதிவாளர் அவர்களே! பாடம் சொல்லும் பேராசான்களே, பாரம் சுமக்கும் ஊழியர்களே, பெற்ற வயிற்றின் பெருமையோடு வந்திருக்கும் தாய்மார்களே, என்னைப்போல் பேசத் தெரியாமலே பேசிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! இன்று பணி நிறைவு பெற்று, 'எப்போதடா முடியும் இந்தப் புகழ்ச்சி' என்று தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் ஜன்னல் அக்கா அவர்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவன். எனக்குத் தெரிந்த இலக்கியமெல்லாம் லாரிகளின் முதுகில் எழுதியிருப்பவைதான். ஆகவே சொற்குற்றம் பொறுங்கள். பொருட்குற்றம் இருந்தால் என் மகளைக் கேளுங்கள். மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மாணவர் நல அலுவலகம் என்கிறார்கள். பெயர் பெரிது, அறை சிறிது. ஒரு ஜன்னல், ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவர் ஓரமாக ஓர் அலமாரி. அடையாள அட்டை தொலைந்ததா? அந்த ஜன்னல். விடுதியில் இடம் இல்லையா? அந்த ஜன்னல். காய்ச்சலா, கவலையா, காதல் கசந்ததா? அந்த ஜன்னல்! ஒரு தலைமுறைக்கு முன்பு தட்டச்சு செய்ய வந்த இளம்பெண் அந்த ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்தார். அன்று அவரை அக்கா என்று அழைத்த மாணவிகளின் பிள்ளைகள் இன்று இங்கே படிக்கிறார்கள். அவர்களும் அக்கா என்றே அழைக்கிறார்கள். ஆயிக்கும் அக்கா, பிள்ளைக்கும் அக்கா! உலகத்தில் எந்த உறவுமுறையில் ஐயா இது சேரும்?

பதவி உயர்வு தந்து மாடியில் குளிர்சாதன அறை கொடுத்தார்களாம். அக்கா என்ன சொன்னார் தெரியுமா?

"மாடி ஏறி வந்து அழுறதுக்கு எந்தப் புள்ளைக்குங்க மூச்சு இருக்கும்? நான் கீழயே இருந்துக்கறேன்."

கை தட்டுங்கள்! இல்லையில்லை, எனக்கு அல்ல, அந்த வாக்கியத்துக்கு.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகள் இங்கே பொறியியல் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்பதைவிட, சேர்த்தேன் என்பதே சரி. முதல் ஆண்டு பாதியில் தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம்: "அப்பா, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க." அடுத்த நாளே சுமை ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன், பெட்டி படுக்கையை ஏற்ற. விலகல் கடிதம் வாங்க அந்த அறைக்குப் போனோம். அக்கா என் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"உன் பேர் என்னம்மா?"

நான் சொன்னேன்.

"என்ன படிக்கிற?"

நான் சொன்னேன்.

"ஏம்மா போறேங்கற?"

"உடம்புக்கு ஒத்துக்கலைங்க." அதையும் நானே சொன்னேன்.

"காலையில சாப்டியா கண்ணு?"

"சாப்டாச்சுங்க, ரெண்டு பேரும்!" என்றேன்.

சிரிக்கிறீர்கள். அங்கே ஒருவர் சிரிக்காமல் மனைவியைப் பார்க்கிறார், அவருக்குப் புரிந்துவிட்டது.

அக்கா அலமாரியைத் திறந்தார். கம்பி ஒன்று துணியை விட்டுப் பிரிந்து தொங்கிய ஒரு கறுப்புக் குடையை எடுத்தார்.

"ஐயா, ஒரு ஒத்தாசை. இதை யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க. நூலகத்துல கேட்டுக் குடுத்துட்டு வந்துடறீங்களா? என்னால ஜன்னலை விட்டு நகர முடியல."

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. ஆனாலும் கேட்டவர் கேட்ட விதம், போகாமல் இருக்க முடியுமா? போனேன். நூலகர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்மளுது இல்லைங்களே. உக்காருங்க, தண்ணி குடிங்க. பட்டறையில ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார். பட்டறைக்காரர், "குடையா? அவசரப்படாதீங்க, மொதல்ல ஒரு டீ சாப்பிடலாம்" என்றார். டீ வரும்வரை கை சும்மா இருக்குமா? என் சட்டைப்பையில் எப்போதும் ஊசி உண்டு. பிரிந்த கம்பியைப் பச்சை நைலான் நூலால் இழுத்துத் தைத்தேன். ஆய்வுக்கூடம், விளையாட்டு மைதானம், தோட்டக்காரர்! பாண்டவர் வனவாசம்கூட இத்தனை ஊர் சுற்றியிருக்காது. குடைக்குச் சொந்தக்காரர் கிடைக்கவே இல்லை.

திரும்பி வந்தேன். என் மகளின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நான் வீட்டுக்கு வரலப்பா. எனக்குப் படிப்பு பிடிக்காம இல்ல, இந்தப் படிப்புதான் பிடிக்கல. மண்ணியலுக்கு மாத்திக்கறேன். தெரு பூரா என்ஜினியர்னு சொல்லி வச்சிருக்கீங்க, தெரியும். திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க."

திட்டுவதா? எப்படித் திட்டுவேன்? என் மகள் என் முன்னால் அத்தனை வாக்கியங்களைச் சேர்த்துப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்! குடையை அக்காவிடம் நீட்டினேன். அக்கா குடையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, தைச்சே குடுத்துட்டீங்களே!" என்றார். அவ்வளவுதான். ஓர் அறிவுரை இல்லை. ஆட்டோ வெறும் வண்டியாகத் திரும்பியது; ஆனால் அன்றுபோல் மனம் நிறைந்து நான் என்றும் வீடு திரும்பியதில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் தெருக் காய்கறிக் கடைக்காரர் தன் மகனுக்காக இங்கே வந்துவிட்டுப் போனார். "என்னண்ணே காலேஜு இது? ஓட்டைக் குடை ஒண்ணைக் குடுத்து ஊரெல்லாம் அலையவிட்டாங்க!" என்று அலுத்துக்கொண்டார்.

"குடையில பச்சை நூல் தையல் இருந்துச்சா?"

"ஆமா, உங்களுக்கெப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்! என் தையல் எனக்குத் தெரியாதா?

பெரியோர்களே! அந்தக் குடை தொலைந்த குடை அல்ல. அது அக்காவின் சொந்தக் குடை! பிள்ளை வாய் திறக்க வேண்டுமானால் பெற்றவர் வெளியே போக வேண்டும். 'வெளியே போ' என்றால் போவோமா? போகமாட்டோம். 'உதவி செய்யுங்கள்' என்றால்? ஓடுவோம்! குடையோடு ஒருவர் வந்தால் அவசரமாக அனுப்பாதே, டீ கொடு என்பது இந்த வளாகத்தின் எழுதாத சட்டமாம். யாரது சிரிப்பது? நூலகரா? நீங்களும் கூட்டுக் களவாணிதானே ஐயா!

இந்த அரங்கில் அந்தக் குடையைத் தூக்கிய தந்தைமார்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம். கூச்சப்படாதீர்கள். அடேயப்பா! எத்தனை கை! தாய்மார்களுக்கு என்ன கொடுத்தாராம்? என்னம்மா? உரக்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியா! கேட்டீர்களா தலைவர் அவர்களே? எங்களுக்குக் குடை, அவர்களுக்குக் கண்ணாடி!

கோட்டை கட்டியவர்களைக் கொண்டாடுகிறோம், கொடி நட்டவர்களைக் கொண்டாடுகிறோம். ஒரு பிள்ளை தன் வாயால் தன் வாழ்க்கையைச் சொல்வதற்குக் ஒரு மணி நேரம் கட்டிக் கொடுத்தவரை என்னவென்று சொல்வது? அதைப் பணி என்பதா? தவம் என்பதா? எத்தனை பெட்டிகள் இந்த வாசலில் திரும்ப இறங்கின! எத்தனை கண்ணீர் இந்த ஜன்னலில் காய்ந்தது! யார் அழுதார், எதற்கு அழுதார் என்று ஒருநாளாவது ஒரு சொல் வெளியே வந்ததுண்டா? கடல்கூடக் கிளிஞ்சலைக் கரையில் போட்டுக் காட்டிக்கொடுக்கும். எங்கள் அக்கா காட்டிக்கொடுத்ததில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை. அதனால்தான் வியக்கிறேன், அதனால்தான் வணங்குகிறேன்!

மணி அடித்துவிட்டார்கள். அக்கா வேறு 'போதும் விடுங்க' என்று கை காட்டுகிறார். வெயிலில் என்னை நடக்கவிட்ட கைகளுக்கு நன்றி. அமர வைத்து டீ கொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி. இருந்து கேட்ட உங்கள் பொறுமைக்குப் பல கோடி வணக்கம்.

பேசி முடித்து இறங்கினேன். மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. நான் பத்தாவது முடித்ததும் தலைமை ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "மேல படிக்கிறியாப்பா?" என்று கேட்டார். பக்கத்தில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். "வேணாம் சார்" என்றேன். அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவைக்க அந்த அறையில் யாரும் இல்லை.