மணிக்கு ஒருமுறை விழிக்கும் சிப்

ஓசூரிலிருந்து அஞ்செட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனி யூனிஃபார்மில் இருவர் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவரின் மடியில் 'காணவில்லை' நோட்டீஸ் கட்டு. அதில் ஒரு வயதானவரின் படம்.

"சிப்பு நல்லாத்தாண்ணா வேலை செய்யுது. அதான் பிரச்சனையே."

"நம்ம கம்பெனி லைன்ல டெஸ்ட் பண்றமே, அந்த டேக்கா?"

"அதேதான். எப்பவும் தூங்கிட்டே இருக்கும். மணிக்கு ஒருவாட்டி முழிச்சு, எங்க இருக்குதுன்னு போனுக்கு அனுப்பிட்டு மறுபடி தூங்கிரும். வருசக்கணக்கா பேட்டரி மாத்த வேணாம். அப்பாவுக்கு ஞாபகம் தப்புதேன்னு அரணாக்கயித்துல கட்டிவுட்டேன்."

"அப்புறம் என்ன, கண்டுபுடிச்சிரலாமே?"

"முந்தாநாள் காலையில ஆளக் காணோம். போன்ல பாத்தா காட்டுக்குள்ள காட்டுது. யானை நடமாட்டம் வேற. ஊரே சேந்து போனோம். ஓடைக்கரையில எங்க செவலைப்பசு மேஞ்சிட்டிருக்குது. டேக் அது கழுத்துல."

"அது எப்படி அங்க போச்சு?"

"அப்பாதான் அவுத்துக் கட்டியிருக்காரு. தொலைஞ்சா இது காட்டிக்குடுக்கும்னு சொல்லித்தான் கட்டுனேன். அவருக்குத் தொலையறதுன்னா மாடுதானேண்ணா."

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் இளையவரின் போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. அவசரமாக எடுத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, அப்பா கெடைச்சிட்டாரா?"

"இல்லண்ணா, டேக்கு அனுப்பியிருக்குது. மாடு கொட்டாயிலதான் இருக்குதாம்."