தம்பியின் பழுப்புக் கோட்டு

எனக்குத் தையல் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது, ஐயா. நாய் வளர்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. தம்பி கப்பல் வேலைக்குப் போகும்போது, இரண்டு வருஷம் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போனான். நடையின் மிடுக்கைப் பார்த்து அதற்குத் துரை என்று பேர் வைத்தவனும் அவன்தான். தன் வாசனை இருக்கட்டும் என்று பழுப்புக் கோட்டு ஒன்றை அதன் படுக்கையில் போட்டிருந்தான். ஒரே துணியில் நான் அவனுக்குத் தைத்துக் கொடுத்த இரண்டில் ஒன்று.

முதல் மாதம் முழுக்கத் துரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பிறகு மெஷினுக்கு அடியில் வந்து என் காலில் தலைவைத்துப் படுக்கத் தொடங்கியது. நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக எனக்காக ஓர் உயிர் காத்திருந்தது. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

தம்பி திரும்பி வர ஆறு மாதம் இருக்கையில் அதைப் பயிற்சி மைதானத்தில் சேர்த்தேன். காவல் நாய்ப் போட்டிக்குப் பழக்கும் இடம். எதிரில் நிற்பவர் கையில் தடித்த கவசம் மாட்டியிருப்பார். நாய் ஓடிப்போய் அதைக் கவ்வ வேண்டும். கூட்டி வந்தவன் "விடு" என்றால்தான் விட வேண்டும். மாஸ்டர் துரையின் பல்லைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"அஞ்சு வயசு ஆயிடுச்சு. ஆரம்பிக்கலாம், தப்பில்ல. ஆனா அதுக்கு இது விளையாட்டாவே இருக்கணும். ஆசை கவசத்து மேல வரணும், ஆள் மேல வரக் கூடாது."

காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேன். கவசத்தின் மேலுறை வாராவாரம் கிழியும். நான் தைத்துத் தருகிறேன் என்றேன். டெய்லருக்குத் துணிக்கா பஞ்சம் என்று மாஸ்டர் சிரித்தார். தம்பியின் கோட்டைப் பிரித்து, வாரம் ஒரு துண்டாக உறை தைத்தேன். நன்றாகக் கவ்வினால் கவசத்தை நாய்க்கே பரிசாகக் கொடுத்துவிடுவார்கள். துரை அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வரும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

தம்பி கெட்டவன் இல்லை. பயந்துபோய் நாயை என்னிடமே விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

கப்பலிலிருந்து திரும்பிய அன்று காலை அவன் அதே துணியில் தைத்த மற்றொரு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் மண்டிபோட்டு, துரையைக் கூப்பிட்டுக் கையை நீட்டினான். அது வாலை ஆட்டிக்கொண்டுதான் ஓடியது, ஐயா. பழக்கியபடி, முழங்கைக்குக் கீழே வாய் நிறையக் கவ்வியது.

"அண்ணா, விடச் சொல்லு" என்றான் தம்பி. பிறகு கெஞ்சினான். "நீயே வெச்சுக்கோண்ணா. சொல்லு."

துரை என் முகத்தையே பார்த்தது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தது. நான் கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன். வலியில் சொல்கிறானா, மனசாரச் சொல்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

டாக்டர்கள் கையை வெட்டி எடுத்துவிட்டார்கள். துரை மேல் தப்பில்லை, எனக்கு அது வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி சொல்லி அனுப்பினான். மாஸ்டரும் மறுபடி பழக்கிவிடலாம் என்றார். ஆனால் மைதானத்தில் சேர்த்தபோது நாய்க்கு உரிமையாளர் என்று பதிவில் எழுதியது என் பேரைத்தான். ஊசி போட்டுக் கொல்லச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். போகும்போது அதன் தலை என் மடியில்தான் இருந்தது. நான் அழுதேன், மறைக்க மாட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்கிறீர்கள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அவன் அதை எப்படி ஐயா பார்த்துக்கொள்வான்?