பிரசவ வார்டின் ஐடி

ஆம்பூரிலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயிலில் எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் ஓர் ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள் என்று பேச்சில் தெரிந்தது.

“பிரசவ வார்டுக்கும் பிணவறைக்கும் ஒரே ஐடி வெச்சுட்டேன்டி,” என்றாள் தோழியிடம்.

“இன்னாடி சொல்ற?”

“வெப்சைட் பேஜுல பிணவறை பத்தி இருந்தத காப்பி பண்ணி, கீழ பிரசவ வார்டுக்குப் போட்டேன். லிங்க அமுக்குனா எந்த எடத்துக்குப் போவணும்னு சொல்ற பேருதான் ஐடி, அத மாத்தல. ஒரே ஐடி ரெண்டு இருந்தா, லிங்க் மேல இருக்கறதுக்குத்தான் போவும்.”

“யாராச்சும் பாத்தாங்களா?”

“ஒருத்தரு பொண்டாட்டிய பிரசவத்துக்குச் சேத்துட்டு, வார்டு எங்கன்னு போன்ல அமுக்கிருக்காரு. பிணவறைன்னு வந்துது. எங்க ஆபீஸுக்கு போன் பண்ணி அழுதுட்டாரு.”

“அய்யய்யோ.”

“உடனே மாத்திட்டேன். மனசு கேக்கல, சாயந்திரம் நானே அவருக்கு போன் பண்ணேன். ‘பொண்ணு பொறந்திருக்கு மேடம்’னாரு. அப்புறந்தான் சோறே எறங்குச்சு.”