அல் கூஸில் பெய்த பனி

தேநீருக்கு நன்றி, செய்கு முகம்மது. சீனி கொஞ்சம் கூட, பரவாயில்லை. நான் தமிழில் சொல்வதை நீங்கள் அரபியாக்கிச் சொல்லும்போது, அந்தப் போலீஸ் அதிகாரிக்கு ஒன்று மட்டும் விளங்கும்படி சொல்லுங்கள். நான் எதையும் கோபத்தில் செய்யவில்லை. என் தொழிலுக்குக் கோபம் ஆகாது. கை நடுங்கினால் படம் ஆடிவிடும்.

என் பெயர் வல்லிபுரம். சொந்த ஊர் சாவகச்சேரி, ஸ்டூடியோ அல் குசைஸில். துபாயில் நம்மவர் கல்யாணம் என்றால் மண்டபம், ஐயர், பூ, சாப்பாடு, படம் எல்லாம் என் தலையில்தான். தியாகராசாவின் மகள் குமுதினியின் கல்யாணத்தை நானே செய்துவைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். குவைத்தில், ஃபஹாஹீலில் கணக்கராக இருக்கும் நவரத்தினம் நான் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தார். குமுதினியும் அவருடைய படத்தைத்தான் பார்த்திருந்தாள். நேரில் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது மணவறையில்.

கல்யாண ஏற்பாடெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நோர்வேக்குப் போன தியாகராசாவின் தம்பி, தன் மகளின் கல்யாணப் படங்களை அனுப்பித் தொலைத்தார். பனிக்குள் மாப்பிள்ளை, பனிக்குள் பெண், மரமெல்லாம் பனி. தியாகராசாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன்ரை பிள்ளைக்குப் பனி, என்ரை பிள்ளைக்கு வெறும் மணலோ? எப்பிடியெண்டாலும் பனி வேணும், வல்லிபுரம்."

துபாயின் தை மாதக் குளிர் ஒரு ஸ்வெட்டருக்குக் காணாது. ஆனால் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அல் கூஸில் மீன் வைக்கும் குளிர்சாதனக் கிடங்கு ஒன்று இருக்கிறது. சாவி அம்மையப்பனிடம். ராமநாதபுரத்து ஆள், நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை கிடங்கில் வேலை இல்லை. போய் மூன்று அறைகளையும் பார்த்தேன். அறக்குளா மீன் பெட்டிகளை வெள்ளைத் துணியால் மூடினால் மலை. ஐஸைத் தூளாக்கித் தூவினால் நோர்வே. நானே வியந்துபோனேன்.

மாப்பிள்ளை கோட் கேட்டார். கோட் போட்டால் கூறைச் சேலையும் நகையும் மறைந்துவிடும் என்று தியாகராசா ஒரே பிடியாக நின்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் போனோம். மீன் வாடைக்குப் பயந்து உறவுக்காரர் வெளியிலேயே நின்றார்கள். தியாகராசா வயிறு நிறைந்து வேனுக்குள் உறங்கிவிட்டார். உள்ளே போனது நாங்கள் மூவர்.

இந்த இடத்தைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும், செய்கு முகம்மது. நம் ஆட்களின் கல்யாணப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். நடுவில் ஒரு ஆள் புகுந்து போகலாம். கிட்ட வாங்கோ என்றால் அரை அடி நகர்வார்கள். கையைப் பிடியுங்கோ என்றால் பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். யாரும் சொல்லாமல் தானாக வருகிற ஒன்றை, இத்தனை வருஷத்தில் நான் ஒரு படத்திலும் பிடித்ததில்லை. அது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வலித்தது.

அன்றும் அப்படித்தான். பனிக்குள் இரண்டு தூண்கள். ஃபிலிம் மாற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். குளிர் வீணாகப் போகக்கூடாதல்லவா. தாழ்ப்பாளையும் போட்டேன்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதற்கு நேரே கேமராவைப் பிடித்துக் காத்திருந்தேன். முதலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மாப்பிள்ளை கதவைத் தட்டினார். தடித்த கதவு, சத்தம் பெரிதாகக் கேட்காது. சால்வையை எடுத்துப் பெண்ணுக்குப் போர்த்தினார். கிளிக். அவள் அவருடைய விரல்களை வாயருகே வைத்து ஊதினாள். கிளிக். கடைசியில் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டார்கள், செய்கு முகம்மது. கோயில் சிலைபோல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது திறந்திருக்கலாம் என்கிறீர்கள். ஆனால் முகங்கள் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று நின்றேன். பிறகு அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மையப்பன் தேநீர் கொண்டுவந்தவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது, தாப்பா வெளியிலல்ல போட்டுக் கெடக்கு?"

அவர்தான் திறந்தார். குமுதினியின் உதடு கூறையைவிடக் கறுத்திருந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"கதவு இறுகிப்போச்சுதோ, அண்ணை?"

"ஓம் பிள்ளை," என்றேன். கல்யாண நாளில் வேறு என்ன சொல்வது.

மாப்பிள்ளையின் இடது காலில் இரண்டு விரல் போனதாகச் சொல்கிறார்கள். வருத்தம்தான். ஆனால் ஆல்பத்தில் கால் விரல் யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? பெண்ணுக்கு இன்னும் கை உணர்வு வரவில்லையாம். வரும், இளம் பிள்ளை.

இன்னொன்றும் நீங்கள் கேட்டீர்கள். உள்ளேயிருந்து திறக்க ஒரு பிடி இருக்குமே என்று. மற்ற இரண்டு அறைகளிலும் இருக்கிறது. இந்த அறையில்தான் அது உடைந்து கிடந்தது. அம்மையப்பன் முதல் நாளே காட்டி எச்சரித்தார். அதனால்தான் இந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் முடிவு சொல்லுமுன் அந்தப் படங்களை அதிகாரி ஒருமுறை பார்க்க வேண்டும். உங்கள் ஆட்கள் ஃபிலிமைக் கழுவி எடுத்த படங்களின் உறை மேசையில்தானே இருக்கிறது. நானே பிரிக்கிறேன். தியாகராசாவே பார்த்தால் மன்னித்துவிடுவார்.

பிளாஷை அணைக்கவில்லை போலிருக்கிறது.

கண்ணாடியில் வெளிச்சம் அடித்துத் திரும்பியிருக்கிறது. பனி இல்லை. பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை. அடுத்ததிலும் இல்லை. எல்லாவற்றிலும் நான்தான் விழுந்திருக்கிறேன், கேமராவுக்குக் கீழே என் வாயும் தாடையும் தெளிவாக. பாருங்கள், செய்கு முகம்மது, யாரும் சொல்லாமலே எவ்வளவு இயல்பாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.