தேவானந்தம் சாரின் எட்டு

எட்டு போடுவது எளிது போலத் தெரியும். ஆனால் மேல் வட்டமும் கீழ் வட்டமும் ஒரே அளவில் வர வேண்டும் என்றால் கை பழகியிருக்க வேண்டும். எனக்குப் பழகியிருந்தது. எங்கள் தெருவில் என்னை யாராவது ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அது இந்த ஒன்றுக்குத்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினுகீற? பேச வரலைன்னா எழுதியாவது குடு" என்றீர்கள். எழுத வரும். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னதால் பள்ளியை விட்டேன். ஐந்து வருடமாக யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதுகிறேன். இது பதினேழாவது நோட்டு. படித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்தால் நல்லது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் தேவானந்தம் சாரும் மெட்டில்டா ஆன்ட்டியும். சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குச் சுகர். தரையில் பெரிய எட்டு வரைந்து அதன் மேலேயே நடந்தால் சுகர் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்தார். அன்றிலிருந்து மாலை ஐந்தே முக்காலுக்கு மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். வாயில் பைபிள் சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டு, கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல் நடப்பார். "கால் கோட்ட விட்டு வெளிய போச்சுன்னா பலனே இல்ல, பிளஸ்ஸி" என்பார். அவர் கால் பட்டே சாக்பீஸ் கோடு அழிந்துவிடும். முட்டி வலியால் அவருக்குக் குனிய முடியாது. அதனால் தினமும் நான்கு மணிக்கு நான் எட்டைப் புதிதாகப் போட்டுவைப்பேன்.

அதற்குப் பிறகுதான் என் வேலை. மஸ்கட் அத்தை கொடுத்த பழைய டிஜிட்டல் கேமராவுடன் மாடிப்படிக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, சூரியன் மறைவதை எடுப்பேன். எங்கள் மாடியிலிருந்து தாம்பரம் பக்கம் பார்த்தால் அடுக்குமாடிகள்தான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது. பிப்ரவரியில் பத்தொன்பது நாள் சூரியன் அந்தச் சந்தில் இறங்கும். ஐப்பசியில் இன்னொரு முறை இறங்கும். அப்போது மழை மேகம் மறைத்துவிடும். எங்கள் சபையின் அடுத்த வருடக் காலண்டருக்கு அஸ்தமனப் படம் கேட்டிருந்தார்கள். என் பெயர் அச்சில் வர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் படத்தில் சந்து இருந்தது, சூரியன் இருந்தது, சூரியனுக்கு முன்னால் சார் இருந்தார். கை வைத்த பனியன், கட்டம் போட்ட லுங்கி. கேமரா சூரியனை விட்டுவிட்டு அவர் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டது.

கொஞ்சம் தள்ளி நடங்கள் என்று சொல்லியிருக்கலாம். படிக்கட்டில் நின்று நாலைந்து முறை ஒத்திகை பார்த்தேன். வரவில்லை. அதனால் எட்டை நகர்த்தினேன். நாளுக்கு ஒரு சாண், தெற்கே. சூரியனும் நாளுக்குக் கொஞ்சம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மரியாதையாக விலகிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

தெற்கே கைப்பிடிச் சுவரில் ஐந்தடி இல்லை. புதுத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றுவதற்காக இடித்தது. கொத்தனார் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் குறுக்கே ஒரு கொடிக்கயிறு கட்டியிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத மாட்டேன்.

எட்டாம் நாள் சார் நடுவில் நின்றார். "மெட்டில்டா, எட்டு நகந்த மாதிரி இல்ல?"

துணி எடுக்க வந்த ஆன்ட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எட்டு எங்கங்க நகரும்? உங்களுக்குத் தல சுத்துது. சுகர் எறங்கியிருக்கும். இந்தாங்க, மிட்டாய வாயில போடுங்க."

"எறங்கிடுச்சா? அப்போ எட்டு வேல செய்யுது பாரு."

மிட்டாயைச் சப்பிக்கொண்டே அரை மணி நேரம் கூடுதலாக நடந்தார். அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் சார் படத்தை விட்டு முழுதாக வெளியே போய்விட்டார். அன்று நல்ல படம் கிடைத்தது. ஆனால் தினமும் ஒரு சாண் என்று கை பழகிவிட்டது. பதினாலாம் நாள் கொடிக்கயிற்றை அவிழ்த்தேன். அது படத்தில் விழவில்லை. விழுந்துவிடக்கூடும் என்று தோன்றியது. மடித்து ஆன்ட்டியின் கிளிப் கூடையில் ஒழுங்காக வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள், கீழ் வட்டத்தின் கடைசி ஒரு சாணுக்குத் தரை இல்லை. இருக்கிற வரைக்கும் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு வட்டம் சொல்லிக்கொடுத்தவர். விட்டுப்போனதை மனதிலேயே நிரப்பிக்கொள்வார்.

நிரப்பிக்கொண்டார்.

கீழே எம்-சாண்ட் மணல் கொட்டி வைத்திருந்ததால் பிழைத்தார். இடுப்பில் இரண்டு தகடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் சுகர் நூற்றுப் பத்துக்கு வந்துவிட்டது என்று ஆன்ட்டி எல்லோரிடமும் சொன்னார். தலைசுற்றி விழுந்தார் என்று தெருவே நம்பியது. அவருக்கான ஜெபக் கூட்டத்தில் நானும் முட்டி போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் படத்தைச் சபைக்கு அனுப்பினேன். போதகர் அப்பாவுக்கு போன் செய்தார். "படம் அருமை, பிரதர். ஆனா ஒரே வெறுமையா இருக்கு. ஒரு மனுஷன் நின்னாதான ஆண்டவரோட வானம் எவ்ளோ பெருசுன்னு தெரியும்?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். வேறொரு படத்தை அனுப்பினேன். டிசம்பரில் காலண்டர் வீடு வீடாக வந்தது. ஆன்ட்டி பிப்ரவரிப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எங்க வீட்டுக்காரர் பனியனாச்சே. ஏன் பறக்குறாரு?" என்றார். கீழே 'படம்: பிளஸ்ஸி ஞானையா' என்று பிழையில்லாமல் அச்சிட்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் மேடம் வந்தீர்கள். கேமராவை வாங்கிப் படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எட்டு தானா நடந்து போவுது" என்றீர்கள். தள்ளிவிட்டாயா என்று கேட்டீர்கள். தள்ளவில்லை. தொடவும் இல்லை. சார் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. ஆள் வேண்டாம் என்று எட்டை நகர்த்தியவள் கடைசி நாள் ஏன் கேமராவை முன்கூட்டியே தெற்கே திருப்பி வைத்தாய் என்றும் கேட்டீர்கள். அதற்கும் தலையை ஆட்டினேன். அது பதில் ஆகாது. அந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. சார் கடைசி வளைவுக்கு வந்தபோது, "சார், நில்லுங்க" என்ற இரண்டு சொல்லும் என் வாய்க்கு வந்தன. தொண்டையில் சிக்காமல், தெளிவாக, அப்படி எனக்கு எப்போதும் வந்ததில்லை. சொல்லியிருப்பேன். பேசினால் கேமரா ஆடிவிடும்.