முதல் ஈசிஜி நல்லாத்தான் இருந்தது

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் ஒரே நூல் மில்லில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனா, ஈசிஜி நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு மட்டும் விடமாட்டேன்னுச்சுக்கா அந்த நர்ஸு."

"நல்லா இருந்தா அனுப்ப வேண்டியதுதானடி?" என்றாள் மூத்தவள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். வலி வந்த புதுசுல முதல் ஈசிஜில ஒண்ணும் தெரியாமக்கூடப் போகுமாம். செத்த நேரம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும், ரத்தமும் பாக்கணும்னுச்சு. எங்க வீட்டுக்காரரு, இது வாய்வுதான் வா போவோம்னு செருப்பை மாட்டிட்டாரு."

"அப்புறம்?"

"ரெண்டாவது எடுத்தப்ப கோடே மாறிப்போச்சு. மாரடைப்புன்னு உடனே ஆம்புலன்ஸ்ல திண்டுக்கல்லுக்கு ஏத்திவிட்டு, அன்னைக்கே அடைப்பை எடுத்துட்டாங்க. அந்தா, முன்னாடி உக்காந்திருக்காரு பாரு."

மூத்தவள் எட்டிப் பார்த்தாள். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு ஒருவர் கண்டக்டரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு செக்கப்பா?"

"ஆமாக்கா. திரும்பி வர்றப்ப அந்த நர்ஸுப் பொண்ணையும் பாக்கணும். அன்னைக்கு அதை, 'எங்க வீட்டுக்காரரை வச்சா தொழில் படிக்கிற'ன்னு எல்லாரு முன்னாடியும் வைஞ்சிட்டேன்."

"அது என்ன சொல்லுச்சு?"

"எனக்கும் ஒரு சேரை இழுத்துப் போட்டு, 'உக்காருங்கக்கா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க'ன்னுச்சு."