காலில்லாதவளின் சக்கர நாற்காலி

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை மேலே எழுதியிருப்பது சரி. வயது ஐம்பத்திரண்டு. பேக்கரியில் அடுப்பு வேலை. தனியார் மருத்துவமனையின் சக்கர நாற்காலியை நான் திருடியதாக வந்த புகாரின்மேல் விசாரித்ததில் சொல்வது என்னவென்றால்:

என் மனைவி தையல்காரி. மிதி மெஷின். சர்க்கரை வியாதி உண்டு. செருப்பு கடித்த புண் ஆறாமல் இடது பாதம் கறுத்ததால், அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிற தைரியத்தில் மேற்படி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பார்த்த டாக்டர் சின்ன வயது, நல்ல பிள்ளை. தினமும் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றினால் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொல்லி, காப்பீட்டுப் பிரிவு மேலாளரிடம் அனுப்பினார். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கட்டுப் போடுறதுக்கு அட்டையில பணம் வராதுங்க. பாதத்தை எடுத்தா முழுசா வரும். உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல" என்றார். கோழிக்கடைக்காரர் பேசுவதுபோல் இருந்தது. நான் முறைத்ததும், "நாங்க போட்ட சட்டமா இது? போன வருஷம் செஞ்சதுக்கே எங்களுக்கு இன்னும் பணம் வரல. கைக்காசு போட்டு எத்தனை பேருக்குக் கட்டுறது?" என்றார். அதில் பொய் இருப்பதாக எனக்குப் படவில்லை. அதற்காக என் எரிச்சல் அடங்கவுமில்லை.

வேறு வழி தெரியாமல் நாங்கள் சரி என்றோம். அதன் பிறகு என் மனைவியின் கைரேகையைப் பதிந்து, வார்டில் சேர்த்து, மறுநாள் காலை பச்சை அங்கி போட்டு, சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறை வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே வேறு யாருக்கோ நடந்துகொண்டிருந்தது. அப்போது அவள், "ஏங்க, காலு போயிட்டா மெஷினை நீங்க வந்து மிதிப்பீங்களா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கண்ணைப் பாதத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, லிஃப்டில் இறங்கி, வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன். வாசல் காவலாளிதான் கதவைத் திறந்துவிட்டார். திருடனுக்கு யாரும் கதவு திறந்துவிடுவதில்லை.

அதன் பிறகு வீட்டில் நானே கட்டு மாற்றினேன். விரல்கள் தேறின, குதிகால் தேறவில்லை. வேறொரு மருத்துவமனையில் காட்டியதில், தொடையில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தால் பாதம் பிழைக்கும், சீக்கிரம் செய்யவேண்டும், அதற்குக் காப்பீடும் உண்டு என்றார்கள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அதன் பிறகு அட்டையைச் சரிபார்த்த பெண், "இவங்களுக்கு இடது பாதம் எடுத்தாச்சுன்னு இருக்கே" என்றாள். நாங்கள் கிளம்பி வந்த அன்றே ஆபரேஷன் முடிந்ததாக எழுதி, முதல் மருத்துவமனை பணம் கேட்டிருக்கிறது. என் மனைவி சேலையை விலக்கிப் பாதத்தைக் காட்டினாள். "எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டர் ஒத்துக்கணுமே" என்றாள் அந்தப் பெண். எடுத்துவிட்ட பாதத்துக்கு வைத்தியம் பார்க்க அரசாங்கம் பணம் தராதாம்.

அதன் பிறகு முதல் மருத்துவமனைக்குப் போய், பாதம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நாற்காலியைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். எழுத முடியாது, நாற்காலியை மட்டும் கொண்டு வா என்றார் மேலாளர். நான் மேசையைத் தட்டிக் கத்தியது உண்மை. அதன் பிறகுதான் இந்தப் புகார். ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியோடு நாற்காலி போய்விட்டது என்று புகாரில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அன்றைக்கு யாருடைய பாதத்தை எடுத்தார்கள் என்று கேட்கிறேன். எடுத்தது என் மனைவியின் பாதம்தான் என்று சாதிப்பார்களானால், காலில்லாதவளிடம் இருக்கிற நாற்காலியை எந்த முகத்தோடு கேட்கிறார்கள் என்றும் கேட்கிறேன்.

என் மனைவி இப்போது அதே நாற்காலியில் இந்தக் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். குதிகாலில் கறுப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர் ஐயா வெளியே வந்து பார்த்து, இடது பாதம் இருக்கிறது என்று இதில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். ஐயா வந்தார், குனிந்து பார்த்தார். அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார். அவர் அப்படிச் சொன்னதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)